வின்லிங்க் பழகுபவர்கள் கவனத்துக்கு

வணக்கம் நண்பர்களே. வீட்டார் போட்ட மின்னஞ்சல் வின்லிங்கில் (அமெச்சூர் ரேடியோ வழியாக மின்னஞ்சல் அனுப்பும் முறை) வரவில்லை என்று பலரும் கேட்கிறீர்கள். ரேடியோவைக் கழற்ற வேண்டாம்! அறிமுகமில்லாத முகவரிகளிலிருந்து வரும் அஞ்சலை வின்லிங்க் தடுத்துவிடும். முதலில் நீங்கள் அவர்களுக்கு ஒரு வரி எழுதுங்கள், அப்புறம் பதில் வரும்.

போட்டோ வேண்டவே வேண்டாம். எச்எஃப் (சிற்றலை ரேடியோ) வேகம் ரொம்பக் குறைவு, அதற்கு எழுத்து மட்டும்தான் சரி. 2017இல் மரியா புயலுக்குப் பிறகு, போன் செத்துக் கிடந்த போர்ட்டோ ரிக்கோவிலிருந்து நலம் சொல்லும் சேதிகள் வெளியே போனதும் இந்த வழியில்தான். தமிழில் எழுதினால் ஒவ்வொரு எழுத்துக் குறியும் 3 பைட் இடம் பிடிக்கும், அதனால் சுருக்கமாக எழுதுங்கள்.

பாஸ்வேர்டு, வங்கி விவரம் கூடாது. அமெச்சூர் அலைவரிசையில் ரகசியக் குறியீட்டுக்கு அனுமதியில்லை. வியாபாரப் பேச்சும் கூடாது.

அமெச்சூர் ரேடியோ உரிமம் கைக்கு வராதவர்கள் இப்போதைக்குக் கேட்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.