வெந்நீர் வருவதற்குள் ஒரு வாளி

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தண்ணீர்ச் சிக்கனம் பற்றிக் குறிப்புகள் வெளியிடும்போதெல்லாம் சொட்டுகிற குழாயைத்தான் முதலில் சொல்கிறீர்கள். தப்பில்லை. 26 வருடமாகக் குழாய் வேலை பார்க்கிறேன், வாஷர் மாற்றியே எனக்குப் பாதி நாள் போகும். ஆனால் ஒரு சொட்டுகூடக் கசியாத குழாயிலும் தினமும் தண்ணீர் வீணாகிறது. வெந்நீர்க் குழாயைத் திறந்துவிட்டு, சூடு வரட்டும் என்று கையை நீட்டிக்கொண்டு நிற்கிறோமே, அதைச் சொல்கிறேன்.

போன மாதம் ஒரு வயதான தம்பதி கூப்பிட்டிருந்தார்கள். ஹீட்டர் கெட்டுவிட்டது, சூடே வருவதில்லை, புதிது வாங்கட்டுமா என்று கேட்டார்கள். ஹீட்டரை விட்டு வெளியே வரும் பைப்பைத் தொட்டேன், கை வைக்க முடியவில்லை. ஹீட்டரில் ஒரு குறையும் இல்லை. அது இருந்தது வீட்டின் பின்பக்கம், குளியலறை முன்பக்கம். நடுவே சுவரைச் சுற்றிக்கொண்டு 20 மீட்டர் பைப், அதுவும் ஒரு இஞ்ச். வாளியை வைத்துக் குழாயைத் திறந்தேன். 12 லிட்டர் பிடித்த பிறகுதான் சூடு தட்டியது. "தினமும் இதைத்தான் தம்பி செடிக்கு ஊத்துறேன்" என்றார் அந்த அம்மா. அவராவது செடிக்கு ஊற்றினார்.

கணக்கு எளிது. ஒரு இஞ்ச் சிபிவிசி (வெந்நீர் தாங்கும் பிளாஸ்டிக்) பைப்பில் மீட்டருக்குச் சுமார் 430 மில்லி தண்ணீர் நிற்கும். 20 மீட்டருக்கு எட்டரை லிட்டருக்கு மேல். ராத்திரி முழுக்க ஆறிக் கிடந்த அந்தத் தண்ணீர் வெளியேறினால்தான் பின்னால் வெந்நீர் வரும். வருகிற வெந்நீரும் வழியெல்லாம் பைப்புக்குச் சூட்டைக் கொடுத்துக்கொண்டே வரும், அதனால்தான் 12 லிட்டர். குளித்து முடித்துக் குழாயை மூடினால், அதே எட்டரை லிட்டர் வெந்நீர் பைப்புக்குள்ளேயே நின்று ஆறிப்போகிறது. இருந்த சூட்டைவிட 30 டிகிரி கூட ஏற்றிய தண்ணீர் என்றால், ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய 0.3 யூனிட் மின்சாரம் அதோடு போயிற்று.

இதில் எங்கள் ஆட்கள் மேலும் தவறு உண்டு. "ஃபோர்ஸ் நல்லா வரணும், பெரிய பைப்பாவே போடுங்க" என்று வீட்டுக்காரர் சொன்னால் நாங்களும் தலையாட்டிவிடுகிறோம். பச்சைத்தண்ணீர் லைனுக்கு அது சரி, எத்தனை பெரிதாகப் போட்டாலும் காத்திருக்க வேண்டியதில்லை. வெந்நீர் லைனில் பருமன் கூடக் கூடக் காத்திருக்கும் நேரமும் கூடும். அரை இஞ்ச் பைப்பில் மீட்டருக்கு 120 மில்லிதான் நிற்கும். அதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு அரை இஞ்சுக்கு மாற்றிவிடவும் முடியாது. தண்ணீர் 10 மீட்டர் உயரத்திலிருந்து இறங்கினால்தான் ஒரு பார் அழுத்தம். தொட்டி 3 மீட்டர் மேலே இருந்தால் 0.3 பார்தான். அந்த அழுத்தத்தில் நீளமான அரை இஞ்ச் பைப் போட்டால் ஷவரில் தண்ணீர் நூல் மாதிரி வரும். ஆகவே முதலில் நீளத்தைக் குறைக்க வேண்டும், பருமன் அப்புறம்.

அந்த வீட்டில் ஹீட்டரைக் கழற்றிக் குளியலறைச் சுவருக்கே கொண்டுவந்தேன். இப்போது 4 மீட்டர் அரை இஞ்ச் பைப். ஒரு லிட்டர் பிடிப்பதற்குள் சூடு வந்துவிடுகிறது. பைப்புக்கு உறை சுற்றினால் போதாதா என்று பலர் கேட்கிறார்கள். ஒருவர் பின் ஒருவராகக் குளிக்கும்போது உதவும். காலையில் முதலில் குளிப்பவருக்கு உதவாது, ராத்திரியோடு ஆறிவிடும்.

இன்னும் சிலர், சீக்கிரம் சூடு வரட்டும் என்று ஹீட்டரை 75 டிகிரிக்கு ஏற்றிவிடுகிறார்கள். அதே நேரத்தில்தான் வரும், வரும்போது தோலை உரிக்கும். 60 டிகிரித் தண்ணீரே ஐந்தாறு நொடியில் ஆழமான புண் உண்டாக்கும். பயந்துபோய் 45க்கு இறக்குவதும் தப்பு. தேக்கி வைக்கும் ஹீட்டரில் நுரையீரலைத் தாக்கும் லெஜியோனெல்லா கிருமி வளர்வது 20 முதல் 45 டிகிரிக்குள்தான். ஹீட்டரில் 60 வைத்துவிட்டு, குழாய்க்குப் பக்கத்தில் சூட்டை மட்டுப்படுத்தும் கலப்பு வால்வு போடுவதுதான் சரி. குழந்தைகளும் முதியவர்களும் உள்ள வீட்டில் இதைப் போடாமல் நான் வேலையை முடிப்பதில்லை.

அடுத்த முறை குறிப்பு எழுதும்போது ஒரு வரி சேருங்கள்: காலையில் முதல் ஆள் குளிக்கும் முன் வெந்நீர்க் குழாயின் கீழே வாளியை வைத்து, சூடு வரும்வரை பிடித்து அளந்து பாருங்கள் என்று. வீடு கட்டிக்கொண்டிருப்பவர்களுக்கு இன்னொரு வரி: சுவரை வெட்டும் முன்பே ஹீட்டர் எந்தச் சுவரில் என்று பிளம்பரிடம் கேளுங்கள். டைல்ஸ் ஒட்டிய பிறகு கூப்பிட்டால் எனக்கும் கஷ்டம், உங்களுக்கும் செலவு.

இப்படிக்கு,
குழாய் வேலை செய்யும் உங்கள் வாசகன்