காற்று ஒரு பக்கம், மேகம் ஒரு பக்கம்

அன்புள்ள பாப்பாவுக்கு,

நீ அனுப்பிய மேகப் படம் வந்தது. நேரம் இல்லை, திசை இல்லை, கூடவே ஒரு வரிகூட இல்லை. அதற்கப்புறம் எதுவும் வரவுமில்லை. வேலை இருக்கும். ஆனாலும், நேரம் குறிக்காத படத்தை வானிலைப் பதிவேட்டில் எங்கே ஒட்டுவது?

படம் அருமை, அதையும் சொல்லிவிடுகிறேன். கரைக்கு இணையாக ஓடும் மேக வரிசையும், அதன் கடல் பக்கம் வெறும் நீல வானமும் ஒரே படத்தில் அகப்படுவது எளிதல்ல. கடற்காற்றின் முகப்பு, அதாவது உள்ளே வரும் கடற்காற்றின் முன் விளிம்பு, அதுதான். வசந்தத்தில் நிலம் முற்பகலிலேயே சூடேறிவிடும், கடலோ இன்னும் குளிர்காலத்துக் குளிரிலேயே கிடக்கும். அதனால் குளிர்ந்த காற்று, சில நூறு மீட்டரிலிருந்து ஒரு கிலோமீட்டர் வரை தடிப்பாக, தரையோடு தரையாக உள்ளே வருகிறது. நிலத்திலிருந்து மிதமான எதிர்காற்று இருந்தால் முகப்பு கரையோரமே நின்று கூர்மையாகும், மேகமும் அங்கேயே எழும்பும். எதிர்காற்று பலமாக இருந்தால் கடற்காற்று கரையேறவே ஏறாது.

காற்றின் திசை மாறியதை மட்டும் வைத்து "கடற்காற்று வந்துவிட்டது" என்று எழுதாதே. வெப்பம் இறங்க வேண்டும், பெரும்பாலும் பனிநிலை (காற்றின் ஈரம் துளியாகத் தொடங்கும் வெப்பநிலை) ஏறவும் வேண்டும். மேகத்தின் அடிப்பகுதி எத்தனை மீட்டர் உயரத்தில் என்று வேண்டுமென்றால் இரண்டுக்குமுள்ள வித்தியாசத்தை 125ஆல் பெருக்கு. வெப்பம் 16 டிகிரி செல்சியஸ், பனிநிலை 8 என்றால் 1,000 மீட்டர். முகப்புக்கு நிலப்பக்கம் அளந்தால்தான் இது சரிவரும். கடற்காற்றுக்குள் நின்று அளந்தால் மேகம் தாழ்வாக இருப்பதாகக் காட்டும்.

இப்போது அந்தப் படத்தின் வலது ஓரத்தைப் பார். மற்ற மேகங்களின் உச்சி காலிபிளவர் மாதிரி கட்டி கட்டியாக, விளிம்பு கூர்மையாக இருக்கிறது. அந்த ஒன்றின் உச்சி மட்டும் நார் நாராகக் கலைந்து பக்கவாட்டில் விரிந்திருக்கிறது. உச்சி பனிக்கட்டியாகிவிட்டது என்று அர்த்தம். அதன் அடியில் மழை இறங்கியிருக்கும், இடியும் இருக்கலாம். உன் காலடிப் புல் அதை நோக்கித்தான் சாய்ந்திருக்கிறது. காற்று முதுகுப் பக்கமிருந்து வீசுகிறது, மேகம் தள்ளிப் போய்விடும் என்று நினைத்து நின்றாயா?

அப்படி நினைக்காதே. கடற்காற்று அடியில் மட்டும்தான். மழை மேகத்தை நகர்த்துவது சில கிலோமீட்டர் உயரத்தில் வீசும் காற்று. அது நிலத்திலிருந்து கடலுக்கு வீசினால், கீழ்க்காற்றை எதிர்த்துக்கொண்டே மேகம் உன் மேல் வரும். ஒரு கம்பத்தையோ கூரை விளிம்பையோ குறியாக வைத்து, நின்ற இடத்திலிருந்து அசையாமல் சில நிமிடம் பார். மேகம் இடமோ வலமோ ஒதுங்கினால் விலகிப் போகிறது. ஒதுங்காமல் பெரிதாகிக்கொண்டே இருந்தால் உன்னை நோக்கி வருகிறது. முதுகுக் காற்று அடங்கி, முகத்தில் சில்லென்று ஒரு வீச்சு அடித்தால் மழை சில நிமிடத்தில் வந்துவிடும். அப்போது கேமராவைச் சரிசெய்துகொண்டு நிற்காதே.

மின்னலுக்கும் இடிக்கும் நடுவே விநாடிகளை எண்ணி மூன்றால் வகுத்தால் கிலோமீட்டர் என்பது உனக்குத் தெரியும். ஆனால் கடற்கரையில் அலைச் சத்தத்தில் தூரத்து இடி காதில் விழாது. மழைக்கு வெளியே 10 கிலோமீட்டர் தள்ளியும் மின்னல் விழும். அதனால் அங்கே இடிக்குக் காத்திராதே. உச்சி நார் நாரானதும் உள்ளே போ. உள்ளே என்றால் கட்டடம், இல்லையென்றால் கண்ணாடி ஏற்றிய காருக்குள். மரத்தடி கூடாது, திறந்த கொட்டகை கூடாது, கேமரா முக்காலியைக் கையில் பிடித்துக்கொண்டு மேட்டில் நிற்கவே கூடாது. கடைசி இடிக்குப் பின் 30 நிமிடம் கழித்துத்தான் வெளியே வா. திரும்பத் திரும்பச் சொல்கிறேன் என்று அண்ணனிடம் குறைப்படுவாய். படு.

மழைமானிக்கு 11.3 செ.மீ. விட்டமுள்ள புனல் வாங்கு. 10 மில்லிலிட்டர் சேர்ந்தால் 1 மி.மீ. மழை, கணக்கு சுலபம்.

அன்றைக்கு மழை எப்போது பிடித்தது, எப்போது விட்டது, அப்போது நீ எங்கே இருந்தாய், இதை எழுது. எல்லாம் எழுத நேரமில்லை என்றால் கடைசியை மட்டுமாவது எழுது.

அப்பா