ஞாயிற்றுக்கிழமை எந்த வழியாகப் போனாய்?

புதுச்சேரி
நவம்பர் 6

அன்புள்ள குழலிக்கு,

அம்மா எழுதுகிறேன். வாட்ஸ்அப்பில் நாலு வரி போட்டால் கட்டைவிரலைக் காட்டி முடித்துவிடுகிறாய், அதனால் மெயிலாகவே எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். நைட் டியூட்டி முடிந்து வந்த கையோடு படிக்காதே, தூங்கி எழுந்து சாப்பிட்டுவிட்டுப் படி. இங்கே மழை பிடித்துக்கொண்டது. அப்பாவுக்குச் சர்க்கரை போன மாதத்துக்கு இந்த மாதம் பரவாயில்லை. காரைக்கால் சித்தி அந்த நிலத்து விஷயத்தில் மறுபடியும் பழைய கதையையே பாடுகிறாள், நீ வழக்கம்போல எதிலும் தலையிடாதே.

நீ ஞாயிற்றுக்கிழமை போட்ட படத்தைப் பார்த்தேன். பிரான்சில் உங்கள் பக்கத்து ரோக் திரெவெசெல் குன்று தானே? பின்னால் கூர் கூராக நிற்கும் அந்தப் பாறை வரிசையை நான் எங்கே பார்த்தாலும் அடையாளம் சொல்லிவிடுவேன். முட்டி வரை சேறு, ஹெல்மெட்டிலும் சேறு, முகத்தில் மட்டும் சிரிப்பு. படம் கொஞ்சம் சாய்ந்திருக்கிறது, கல்லின் மேல் போனை வைத்து டைமர் போட்டு எடுத்தாயோ? முன்பெல்லாம் உன் படங்கள் இப்படிச் சாய்ந்திருக்காது. பாறையில் ஒரு சைக்கிள்தான் சாத்தியிருந்தது. சரி, அது இருக்கட்டும்.

எந்த வழியாகப் போனாய் என்று மட்டும் சொல். உயெல்கோட்டில் கிளம்பிக் காட்டு வழியாகவா, இல்லை பிரென்னிலிஸ் ஏரியைச் சுற்றிக்கொண்டா? ஏரிப் பக்கம் என்றால் அந்தச் சதுப்பு நிலத்தை நினைத்தாலே எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. அந்த யேன் எலெஸ் சதுப்புதான் நரகத்தின் வாசல், கெட்ட ஆவிகளைக் கறுப்பு நாய்க்குள் ஏற்றிக் கொண்டுவந்து அங்கேதான் தள்ளுவார்களாம் என்று சம்பந்தி சொன்னபோது நீங்கள் எல்லோரும் சிரித்தீர்கள். நான் சிரிக்கவில்லை. பேய்க்குப் பயந்து இல்லை, குழலி. மதியம் மூன்று மணிக்குப் பளிச்சென்று இருந்த இடம் அரை மணி நேரத்தில் மூடுபனி இறங்கி, எதிரே இருந்த குன்று, அதன் மேல் இருந்த சேன் மிஷேல் கோயில், பழைய அணு உலைக் கட்டடம் எல்லாம் காணாமல் போனதை நான் என் கண்ணால் பார்த்தேன். அது ஆகஸ்ட் மாதம். நவம்பரில் எப்படி இருக்கும்?

அப்பா சொல்கிறார், அதெல்லாம் ஒரு மலையா, பிரான்சின் மேற்கு மூலையான பிரெத்தாஞ்சிலேயே பெரிய உச்சியான ரோக் ரூஸ் 385 மீட்டர்தான், நம் ஏற்காட்டில் பாதிகூட இல்லை, இதற்குப் போய் ஏன் பயப்படுகிறாய் என்று. அவர் மேப்பில் பார்த்துவிட்டுச் சொல்கிறார். உங்கள் பின்னாலேயே காரில் வந்து ஒவ்வொரு திருப்பத்திலும் காத்துக்கொண்டு நின்றவள் நான். அங்கே ஒரே ஏற்றமாக ஏறி முடிப்பதில்லை. ஓடைக்கு இறங்கு, மேட்டுக்கு ஏறு, மறுபடி ஓடை, மறுபடி மேடு என்று நாள் முழுக்க அப்படியே. மேட்டில் நின்றால் காற்று ஆளைத் தள்ளும், பள்ளத்தில் இறங்கினால் மூச்சுவிடக் காற்று இருக்காது. சாயங்காலம் நீ திரும்பி வந்து படியேற முடியாமல் வாசலிலேயே உட்கார்ந்துவிடுவாய், ஷூவைக் கழற்றிவிட்டது யார் என்று உனக்கே ஞாபகம் இருக்கும்.

அந்தப் பள்ளத்துப் பாதைகள்தான் எனக்கு இன்னும் கண்ணிலேயே நிற்கின்றன. வயலை விடத் தாழ்ந்து, இரண்டு பக்கமும் ஆள் உயரத்துக்கு மண்கரை, கரை மேல் ஓக் மரமும் செஸ்ட்நட் மரமும், அதன் கிளைகள் மேலே கூடி மூடிக்கொண்டு, பகலிலேயே அரை இருட்டு. மாடும் வண்டியும் தலைமுறை தலைமுறையாகப் போய்த் தேய்ந்த வழி என்றும், போருக்குப் பிறகு துண்டு நிலங்களை ஒன்று சேர்த்தபோது கரைகளை இடித்து இந்த மாதிரிப் பாதைகளில் பலவற்றை அழித்துவிட்டார்கள் என்றும் சம்பந்தி எவ்வளவு வருத்தத்தோடு சொன்னார். கோடையில் அழகுதான். இப்போது அதில் இலை முழங்கால் வரை கொட்டிக் கிடக்கும், இலைக்கு அடியில் தண்ணீர், தண்ணீருக்கு அடியில் வேர். வேரைக் குறுக்கே நேராக ஏறித் தாண்ட வேண்டும், சாய்வாக ஏறினால் முன்சக்கரம் வழுக்கிவிடும் என்று எனக்கே நீதானே சொல்லிக்கொடுத்தாய். எனக்குச் சொன்னதை நீயும் செய். உயெல்கோட் பாறைகள் மேல் பச்சைப் பாசி படிந்திருக்கும், அதன் மேல் ஓட்டவே வேண்டாம், இறங்கித் தள்ளிக்கொண்டு போ. முதல் தடவை அந்தப் பாறைகளைப் பார்த்தபோது "அம்மா, செஞ்சி மலையை மழைக்காட்டுக்குள்ள உருட்டிவிட்ட மாதிரி இருக்கு" என்று போனில் கத்தினாயே, அந்தக் குரலைக் கேட்டு எவ்வளவு நாளாகிறது.

வேட்டைக்காரர்கள் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். செப்டம்பரில் ஆரம்பித்தால் பிப்ரவரி கடைசி வரை துப்பாக்கியோடு திரிவார்கள், ஞாயிற்றுக்கிழமைதான் அதிகம். உன் படத்தில் நீ கறுப்புச் சட்டை போட்டிருக்கிறாய். புதருக்குள் கறுப்பாக ஏதோ அசைந்தால் காட்டுப்பன்றி என்று நினைக்க மாட்டானா? அந்த ஆரஞ்சு நிற மேல்சட்டை எங்கே? அலமாரியில் கீழ்த்தட்டில் இரண்டு இருந்தன, நான்தான் துவைத்து மடித்து வைத்தேன். ஒன்றாவது இருக்கும், தேடிப் பார்.

உன்னைப் பற்றி எனக்குப் பெருமை இல்லை என்று நினைக்காதே. எதிர் வீட்டு டீச்சரம்மாவிடம் உன் படத்தைக் காட்டி, இந்த முக்கோணமும் இரண்டு வட்டமும் போட்ட பலகை இருக்கிறதே, அதுதான் மலைச் சைக்கிள் பாதைக்கு அடையாளம், பச்சை என்றால் ரொம்பச் சுலபம், நீலம் சுலபம், சிவப்பு கஷ்டம், கறுப்பு ரொம்பக் கஷ்டம், என் பெண் கறுப்பில் போகிறாள் என்று சொல்லிவிட்டுத்தான் காய் வாங்கவே போனேன். கடற்கரைச் சாலையில் சைக்கிளை விட்டுவிட்டு அழுத பெண். ஆனால் கறுப்புப் பாதையில் போவதற்குக் கூட ஒரு ஆள் வேண்டும். நீ எவ்வளவு நன்றாக ஓட்டுகிறாய் என்பது இதில் கணக்கே இல்லை. விழுந்தால் யாருக்குத் தெரியும்? குன்றுக்கு அந்தப் பக்கம் இறங்கினால் போனில் ஒரு கோடு கூட வராது, நானே பார்த்தேன். அவசர எண் 112-ஐ அழுத்து என்பாய். அழுத்தக் கை சரியாக இருக்க வேண்டும், நீ எங்கே விழுந்திருக்கிறாய் என்று உனக்கே தெரிய வேண்டும்.

அதனால் இதை மட்டும் செய். கிளம்பும் முன் எந்த வழி, எத்தனை மணிக்குத் திரும்புவேன் என்று ஒரு ஆளுக்கு எழுதி அனுப்பு. ஆஸ்பத்திரியில் உன்னோடு வேலை செய்கிற அந்தப் பெண் இருக்கிறாளே, நான் செய்த அதிரசத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனவள், அவளுக்கு அனுப்பு. இல்லை என்றால் எனக்கு அனுப்பு. நான் எட்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் இருந்து என்ன செய்யப் போகிறேன் என்று கேட்காதே, முழித்துக்கொண்டாவது இருப்பேன்.

2023-இல் பாரிஸிலிருந்து ப்ரெஸ்ட் போய்த் திரும்பும் அந்த பாரி-ப்ரெஸ்ட்-பாரி சைக்கிள்காரர்கள் போனதை நினைத்துக்கொண்டே இருக்கிறேன். 1200 கிலோமீட்டரைத் தொண்ணூறு மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும் என்று ராத்திரி முழுக்கக் குன்றின் மேல் விளக்கு விளக்காக வந்துகொண்டே இருந்தார்கள். நம் நாட்டுக் கொடி போட்ட சட்டையோடு ஒரு பையன் வந்து நின்றான், தமிழில் பேசியதும் அவனுக்கு வந்த அழுகை. நீ சுக்குக் காப்பி ஊற்றினாய். மாப்பிள்ளை லோயிக் அவனுடைய பிரேக்கைத் தரையில் உட்கார்ந்து டார்ச் வெளிச்சத்தில் சரிசெய்தார். பிரேக் கட்டையை வெளியே எடுத்து, தேய்ந்து இரும்பு தெரிகிறது பாருங்கள் என்று எனக்கும் காட்டினார். அந்த ஊர் மண்ணும் மழையும் சேர்ந்தால் சாணை பிடித்த மாதிரி தேய்ந்துவிடுமாம், மழைக்காலத்தில் அடிக்கடி பார்க்க வேண்டுமாம். உன் சைக்கிளுக்குக் கட்டை மாற்றி எவ்வளவு நாளாகிறது? யார் மாற்றினார்கள்? நீயே மாற்றக் கற்றுக்கொண்டாய் என்றால் நல்லது, கடையில் கொடுத்தாய் என்றாலும் சரி, ஆனால் பார்க்காமல் ஓட்டாதே. இறக்கத்தில் கீச்சென்று சத்தம் வந்தால் அப்படியே நிறுத்திவிட்டு இறங்கு.

சம்பந்தி அம்மா ஒவ்வொரு வருஷமும் நவம்பர் முதல் தேதி தூசேன் பண்டிகைக்குக் கல்லறையில் வைத்த சாமந்திப் பூவைப் படம் எடுத்து எனக்கு அனுப்புவார்கள். இந்த வருஷம் வரவில்லை. தீபாவளிக்கு நான் அனுப்பிய செய்திக்கும் பதில் இல்லை. உடம்பு சரியில்லையோ என்னவோ, விசாரித்துச் சொல். விசாரிக்க முடியாவிட்டாலும் சொல், நான் ஒன்றும் நினைத்துக்கொள்ள மாட்டேன்.

நீ பலமான பெண்தான். 2022-இல் ஜூலை மாதம் அந்த மலை பற்றி எரிந்து 1,700 ஹெக்டேருக்கு மேல் கருகிப்போனபோது, சாம்பல் வாசனை வீட்டுக்குள் வருகிறது, இனி எங்கே சைக்கிள் ஓட்டுவது என்று அழுதாய். மறு வருஷம் நான் வந்தபோது கரிக்கட்டைக்கு நடுவே பெரணி முளைத்து, எரியாமல் தப்பிய பக்கம் ஊதாவும் மஞ்சளுமாகப் பூத்துக் கிடந்ததை நீதான் ஒவ்வொரு செடியாகக் காட்டினாய். பார்த்துப் பார்த்துத்தான் கால் வைக்கச் சொன்னாய், வேர் பிடிக்காத மண், பாதையை விட்டு இறங்கினால் செடி செத்துவிடும் என்று. அந்தப் பொறுமை உனக்கு இருக்கிறது. சாப்பாட்டில்தான் இல்லை. படத்தில் கன்னம் ஒட்டிப்போயிருக்கிறது, சேறு அப்பியிருந்தாலும் எனக்குத் தெரியும்.

நான் டிசம்பரில் வரலாம் என்று பார்க்கிறேன். அங்கே அப்போது காலையில் ஒன்பது மணிக்குத்தான் விடியும், ஐந்தரைக்குள் இருட்டிவிடும், மழை வேறு, எதற்கு அப்போது என்று அப்பா கேட்கிறார். எனக்கு ஊர் பார்க்க வேண்டாம். நீ சைக்கிளை எடுத்துக்கொண்டு போ, நான் வீட்டில் ரசம் வைத்துக்கொண்டு இருக்கிறேன், அல்லது மோர்லே ஊரிலிருந்து போகிறதே தண்டவாளத்தை எடுத்துவிட்ட அந்தப் பழைய ரயில் பாதை, செங்குத்தான ஏற்றம் இறக்கம் இல்லாமல் இருக்கும் அது, அதில் நீ மெதுவாக ஓட்டு, நான் பக்கத்தில் கொஞ்ச தூரம் நடக்கிறேன். அந்த வீட்டில் இருக்கிறாயா, வேறு வீட்டுக்குப் போய்விட்டாயா என்பது கூட எனக்குத் தெரிய வேண்டாம், விலாசத்தை மட்டும் அனுப்பு. யாரைப் பற்றியும் கேட்க மாட்டேன், குழலி. அப்பாவையும் கேட்க விடமாட்டேன். நீயாகச் சொன்னால் கேட்டுக்கொள்கிறேன், சொல்லாவிட்டால் அதிரசம் சுட்டுவிட்டுத் திரும்பி வந்துவிடுகிறேன்.

டிக்கெட் விலை தினமும் ஏறுகிறது. வரட்டுமா, வேண்டாமா என்று வெள்ளிக்கிழமைக்குள் சொல்.

அம்மா