இரைச்சல் ரகசியம் காக்குமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

வயர்லெஸ் பாதுகாப்பு பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரை, கடலில் இரைச்சல் அதிகம், ஆகவே ஒட்டுக்கேட்பவருக்கு எதுவும் விளங்காது என்ற பொருளில் முடிந்திருந்தது. அதை நம்பிப் பாம்பன் விசைப்படகுக்காரர்கள் மீன்பாடு உள்ள இடத்தை வி.எச்.எஃப். என்னும் படகு வயர்லெஸ் செட்டில் சொல்லிவிட வேண்டாம்.

செய்தியைப் பூட்டித் திறக்க இருதரப்பும் பகிர்ந்துகொள்ளும் ரகசிய எண்வரிசைக்குச் சாவி என்று பெயர். செய்தி எவ்வளவு நீளமோ அவ்வளவு நீளச் சாவி இருந்தால்தான் முழு ரகசியம் என்று 1949இல் தகவல் கோட்பாட்டு அறிஞர் ஷானன் நிறுவினார். அது இரைச்சலைச் சேர்க்காத கணக்கு. 1975இல் அதே துறையின் வைனர் இரைச்சலையும் சேர்த்துப் பார்த்தார். ஒட்டுக்கேட்பவருக்கு, செய்தியைப் பெற வேண்டிய கூட்டாளியைவிட மங்கலாகக் கேட்டால், சாவியே இல்லாமல் அந்த வித்தியாசத்தின் அளவுக்கு ரகசியம் அனுப்பலாம். செய்தி 0, 1 என்ற பிட்களாகப் போகிறது. கூட்டாளிக்கு நூற்றுக்கு 5 பிட் புரள்கிறது (0 என்பது 1 ஆக, 1 என்பது 0 ஆக மாறுகிறது), மற்றவருக்கு 20 புரள்கிறது என்றால், 1000 பிட்டில் ஏறத்தாழ 436 பிட் ரகசியம் தேறும். இது மேல்வரம்பு, நடைமுறையில் குறையும். இருவருக்கும் இரைச்சல் ஒன்றேயானால் பூஜ்யம்தான்.

செய்முறையின் கரு எளிது. ரகசிய பிட் 0 என்றால் இரட்டைப்படை, 1 என்றால் ஒற்றைப்படை எண்ணிக்கையில் 1கள் வரும்படி 10 பிட்களைக் குருட்டாம்போக்கில் தேர்ந்து அனுப்புங்கள். 20 சதவீதம் புரளும் ஒட்டுக்கேட்பவரின் கணிப்பு 49.7 சதவீதம் தவறும். காசு சுண்டிப் பார்க்கலாம். வம்பு என்னவென்றால், 5 சதவீதமே புரளும் கூட்டாளிக்கும் அது 32.6 சதவீதம் தவறும்! புரண்ட பிட்களைக் கண்டு சரிசெய்ய உதவும் கூடுதல் பிட்களை, அதாவது பிழைதிருத்தக் குறியீட்டையும் சேர்த்தாக வேண்டும். அளவு மிஞ்சினால் அது ஒட்டுக்கேட்பவருக்கும் கைகொடுக்கும். உழைப்பெல்லாம் இந்த அளவைப் பிடிப்பதில்தான்.

செட்டை 1 வாட்டிலிருந்து 25 வாட்டுக்குத் திருப்பினால் ரகசியமும் அதே அளவுக்குக் கூடிக்கொண்டே போகும் என்பதும் தப்பு. சத்தம் இருவருக்கும் சேர்ந்தே ஏறுகிறது. ஒட்டுக்கேட்பவரின் இரைச்சல் 4 மடங்கு என்றால், எத்தனை வாட் கொடுத்தாலும் ரகசியம் ஒரு மாதிரிக்கு (சைகையை ஒருமுறை அளந்தெடுக்கும் மதிப்புக்கு) 1 பிட்டைத் தாண்டாது.

இதையெல்லாம்விடப் பெரிய ஓட்டை வேறு. கூட்டாளியின் இரைச்சலை அளக்கலாம். ஒட்டுக்கேட்பவருடையதை யார் அளப்பது? தங்கச்சிமடம் கரையில் உயரமான கம்பத்தில் ஏரியல் கட்டி உட்கார்ந்தவருக்கு, கடலில் இஞ்சின் ஓடும் உங்கள் கூட்டாளிப் படகைவிடத் தெளிவாகவே கேட்கும்.

அப்போதும் ஒரு வழி உண்டு என்று 1993இல் குறியாக்க ஆய்வாளர் மவுரர் காட்டினார். மூவருக்கும் தனித்தனி இரைச்சலோடு ஒரே பிட்வரிசை வந்து சேரட்டும். கூட்டாளிகள் இருவரும் வெளிப்படையாகப் பேசி, தங்களுக்குள் ஒத்துப்போகும் பிட்தொகுதிகளை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைக் கழிக்கிறார்கள். எதைக் கழிப்பது என்பதில் ஒட்டுக்கேட்பவருக்குப் பங்கில்லை. அங்கேதான் அவர் பின்தங்குகிறார். மிஞ்சிய பிழைகளைத் திருத்த வாய்விட்டுச் சொன்ன ஒவ்வொரு சரிபார்ப்பு பிட்டையும் கணக்கில் கழித்து, மீதியை ஹாஷ் சார்பால் (நீண்ட பிட்வரிசையைக் கலக்கிக் குறுகியதாக்கும் கணக்கு) சுருக்கினால் கிடைப்பது சாவி. கழிக்க மறந்தால் சாவி கசியும்.

சாதாரணப் பேச்சு செட்டில் இது நடக்காது, பிட்களை வயர்லெஸில் அனுப்பிப் பெறும் டிஜிட்டல் மோடம் வேண்டும். நடுவில் வேறொருவர் புகுந்து கூட்டாளிபோல் நடிக்காதிருக்க, சிறு சாவியொன்றைக் கரையிலேயே பகிர்ந்துகொண்டு கடலுக்குப் போக வேண்டும். அவசர அழைப்புக்கான 16ஆம் சேனலில் மட்டும் இந்த வித்தை எதுவும் கூடாது.

இப்படிக்கு,
வாசகர்கள் இருவர்,
மண்டபம், ராமநாதபுரம் மாவட்டம்