நிரையும் நிரலும்: மகளுக்கு ஒரு கடிதம்

அன்பு மகளே,

போனில் நீ கேட்டதற்குப் பாதி பதில் சொல்வதற்குள் உனக்கு வேலை வந்துவிட்டது. மீதியை எழுதிவிடுகிறேன்.

எண்களைக் கட்டமாக அடுக்கி வைக்கும் அணிகளைப் (matrix) பற்றித்தான் கேட்டாய். "2×3 அணியை 3×4 அணியால் பெருக்கலாம், இடம் மாற்றினால் முடியாது. மனப்பாடமாகத் தெரியும்ப்பா, ஏன் என்றுதான் தெரியவில்லை" என்றாய். இத்தனை வருடம் கழித்துப் படிக்க உட்கார்ந்து அந்த 'ஏன்'-ஐ நீ விடாமல் பிடித்துக்கொண்டதில் எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

அணியின் வரிசையை, அதாவது அதன் அளவை, சொல்லும்போது நிரை (படுக்கை வரி) முன்னால், நிரல் (செங்குத்து வரி) பின்னால். 2×3 என்றால் 2 நிரைகள், 3 நிரல்கள், மொத்தம் 6 உறுப்புகள். 3×2-க்கும் 6 உறுப்புகள்தான், ஆனால் அது வேறு. 12 உறுப்புகளை 1×12, 2×6, 3×4, 4×3, 6×2, 12×1 என்று ஆறு விதமாக அடுக்கலாம். கூட்டலுக்கும் கழித்தலுக்கும் இரண்டு அணிகளும் ஒரே வரிசையில் இருக்க வேண்டும். அதில் உனக்குக் குழப்பமில்லை.

பெருக்கலுக்கு வா. முதல் அணியிலிருந்து ஒரு நிரையை எடு: 1, 2, 3. இரண்டாம் அணியிலிருந்து ஒரு நிரல்: 4, 5, 6. ஜோடி ஜோடியாகப் பெருக்கிக் கூட்டினால் 4+10+18, அதாவது 32. விடையில் ஓர் உறுப்பு வந்துவிட்டது. இப்போது அந்த நிரலில் நான்காவதாக 7 என்று ஓர் எண் இருந்தால்? அதற்கு ஜோடி இல்லை. காரணம் இவ்வளவுதான். ஒரு நிரையில் எத்தனை உறுப்புகள் இருக்கும்? அந்த அணிக்கு எத்தனை நிரல்களோ அத்தனை. அதனால்தான் முதல் அணியின் நிரல் எண்ணிக்கையும் இரண்டாம் அணியின் நிரை எண்ணிக்கையும் ஒத்துப்போக வேண்டும்.

விடையின் வரிசையும் இதிலேயே இருக்கிறது. 2 நிரைகளில் ஒவ்வொன்றும் 4 நிரல்களில் ஒவ்வொன்றோடும் சேர்கிறது, ஆகவே 2×4. நடுவிலிருந்த 3 கூட்டலில் கரைந்துபோகிறது.

அதே 1, 2, 3-ஐயும் 4, 5, 6-ஐயும் இடம் மாற்றிப் பெருக்கிப் பார். 3×1 முன்னால், 1×3 பின்னால். இப்போது விடை ஒற்றை எண் இல்லை, 3×3 அணி: முதல் நிரை 4, 8, 12, அடுத்தது 5, 10, 15, கடைசி 6, 12, 18. மூலைவிட்டத்தைக் கூட்டு, அதே 32 வரும்! எனக்கு மிகவும் பிடித்த இடம் இது.

இப்படி ஒரு விசித்திரமான பெருக்கலை எதற்காக வைத்தார்கள் என்றும் கேட்பாய். 1858-ல் ஆர்தர் கெய்லி என்ற ஆங்கிலேயக் கணித மேதை அணிகளைப் பற்றி எழுதியபோது, ஒரு நேரியல் மாற்றத்தை (சில எண்களை வாங்கி, நிலையான எண்களால் பெருக்கிக் கூட்டி, வேறு எண்களாகத் தருவதை) செய்து அதன் மேல் இன்னொன்றைச் செய்வதைத்தான் பெருக்கலாக வைத்தார். இங்கே பின்னால் எழுதும் 3×4 அணிதான் முதலில் வேலை செய்யும்: 4 எண்களை வாங்கி 3 எண்களாகத் தரும். 2×3 அணி அந்த மூன்றை வாங்கி 2 ஆக்கும். முதலாவது தருவதை அடுத்தது அப்படியே வாங்க முடியவேண்டும், இல்லையென்றால் தொடர முடியாது.

சதுர அணிகளிடம் மட்டும் கவனமாக இரு. இரண்டுமே 3×3 என்றால் எப்படிப் போட்டாலும் பெருக்க முடியும், இடம் மாறிய தவறை வரிசை காட்டிக்கொடுக்காது. விடை மட்டும் பெரும்பாலும் வேறாக இருக்கும். அங்கே நிரை எதைக் குறிக்கிறது, நிரல் எதைக் குறிக்கிறது என்று பக்கத்தில் எழுதிக்கொள்.

ஒரு கணக்கு தருகிறேன். 3×2, 2×5, 5×1 என்று மூன்று அணிகளை இதே ஒழுங்கில் பெருக்க வேண்டும். முதல் இரண்டை முன்னால் பெருக்கினாலும் கடைசி இரண்டை முன்னால் பெருக்கினாலும் விடை ஒன்றுதான். ஆனால் ஒரு வழியில் 45 பெருக்கல்கள், இன்னொரு வழியில் 16. எது எந்த வழி என்று கண்டுபிடித்து, செய்த தாளைப் படம் எடுத்து அனுப்பு.

அன்புடன்,
அப்பா