1420ஐ மறைக்கச் சொல்லும் பெற்றோருக்கு

அமெரிக்காவில் இந்த ஆண்டு பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளை வைத்திருக்கும் தமிழ்ப் பெற்றோருக்கு வணக்கம்.

வாரயிறுதித் தமிழ்ப் பள்ளியில் பாடம் எடுக்கிறவள் நான். கோடை முடிந்து திரும்பும் பெரிய பிள்ளைகள் என்னிடம் இலக்கணமா கேட்கிறார்கள்? "டீச்சர், எஸ்.ஏ.டி.யில 1420. போடலாமா?" என்றுதான் கேட்கிறார்கள். கல்லூரிச் சேர்க்கைக்காக எழுதும் தேர்வு அது, மொத்தம் 1600. பல கல்லூரிகளில் அது கட்டாயமில்லை என்பதால், எடுத்த மதிப்பெண்ணை விண்ணப்பத்தில் காட்டலாமா, மறைக்கலாமா என்பதுதான் கேள்வி. அடுத்த வரியும் தயாராக இருக்கிறது: "அப்பா வேண்டாங்கிறார். 1500க்குக் கீழ காட்டவே கூடாதாம்." எந்தக் கல்லூரியின் விதி இது என்று கேட்டால், ஒரு வாட்ஸ்அப் குழுவின் பெயர் வருகிறது.

அந்த 1500 எப்படிப் பிறக்கிறது என்று கொஞ்சம் பாருங்கள். கல்லூரிகள் ஆண்டுதோறும் வெளியிடும் காமன் டேட்டா செட் என்ற புள்ளிவிவரத் தொகுப்பில், சி9 என்ற பகுதியில், சேர்ந்த மாணவர்களின் மதிப்பெண்கள் இருக்கும்: கால்வாசிப் பேர் இதற்குக் கீழே, கால்வாசிப் பேர் இதற்கு மேலே என்று. தேர்வு கட்டாயமில்லாத கல்லூரியில் அது மதிப்பெண் கொடுத்தவர்களின் கணக்கு மட்டும்தான். குறைவாக எடுத்தவர்கள் மறைக்க மறைக்க எல்லை மேலே ஏறும். ஏறியதைப் பார்த்து அடுத்த ஆண்டு இன்னும் சிலர் மறைப்பார்கள். எத்தனை சதவீதம் பேர் மதிப்பெண் கொடுத்தார்கள் என்ற வரியும் அங்கேயே இருக்கிறது. நமக்கு ஃபார்வர்டாக வரும் படத்தில் மட்டும் அந்த வரி இருப்பதில்லை!

டார்ட்மவுத் கல்லூரி 2024 பிப்ரவரியில் தேர்வை மறுபடி கட்டாயமாக்கியது. அங்குள்ள பேராசிரியர்களே செய்த ஆய்வில், வசதி குறைந்த பின்னணியிலிருந்து வந்த பிள்ளைகள் பலர் 1400களில் இருந்த மதிப்பெண்ணை மறைத்திருந்தது தெரிந்தது. காட்டியிருந்தால் அவர்களுக்கு இடம் கிடைக்கும் வாய்ப்பு கூடியிருக்கும். சேர்க்கை அலுவலகம் வெறும் எண்ணை மட்டும் பார்ப்பதில்லை, அந்தப் பிள்ளை படித்த பள்ளியோடு சேர்த்துப் பார்க்கிறது. பள்ளி ஆலோசகர் அனுப்பும் பள்ளிக் குறிப்பு அதற்குத்தான் போகிறது.

இதில் நமக்குக் கசப்பான பாதியும் உண்டு. நல்ல பள்ளிக்கூடம் என்று தேடித் தேடி வீடு வாங்கியவர்கள் நாம். அப்படிப்பட்ட பள்ளியில் 1420 நடுவில் எங்கோ நிற்கும் எண்ணாக இருக்கலாம். அப்போது மிகக் கடினமான கல்லூரிக்கு அதை அனுப்பாமல் விடுவதில் தவறில்லை. ஆனால் சிறிய ஊரில், ஏ.பி. என்னும் கல்லூரித் தர வகுப்புகளே இரண்டு மூன்று மட்டும் உள்ள பள்ளியில், மோட்டலோ பெட்ரோல் பங்க்கோ நடத்தும் வீட்டுப் பிள்ளை எடுத்த 1420 வேறு. இரண்டு பிள்ளைகளுக்கும் ஒரே குழுவில் ஒரே பதில் சொல்கிறோம். என் கோபம் அதில்தான்.

கல்லூரிக்குக் கல்லூரி விதியும் வேறு. கலிஃபோர்னியா பல்கலைக்கழகம் எஸ்.ஏ.டி., அதைப் போன்ற இன்னொரு தேர்வான ஏ.சி.டி. ஆகியவற்றின் மதிப்பெண்களைச் சேர்க்கைக்குப் பார்ப்பதே இல்லை. 1600 எடுத்திருந்தாலும் அங்கே சேர்க்கை முடிவில் அது கணக்கில் வராது. எம்.ஐ.டி. 2022இலும், ஹார்வர்டும் கால்டெக்கும் 2024இலும் கட்டாயத்தைத் திரும்பக் கொண்டுவந்துவிட்டன. யேல் அதே ஆண்டு, எஸ்.ஏ.டி.க்குப் பதில் ஏ.பி. தேர்வு அல்லது ஐ.பி. என்னும் சர்வதேசப் பாடத்திட்டத் தேர்வு மதிப்பெண் தந்தாலும் சரி என்றது. ஆக, ஒவ்வொரு கல்லூரியின் பக்கத்தையும் திறந்துதான் ஆகவேண்டும். வேறு குறுக்குவழி இல்லை.

அப்புறம் படிவம். பல கல்லூரிகளுக்கும் பொதுவான இணைய விண்ணப்பமான காமன் ஆப்பில் மாணவரே மதிப்பெண்ணை நிரப்பும் இடத்தில், வாசிப்பு-எழுத்துக்கு மிக உயர்ந்த மதிப்பெண் எது, எந்தத் தேதி; கணிதத்துக்கு எது, எந்தத் தேதி என்று தனித்தனியாகக் கேட்பார்கள். மார்ச்சில் கணிதம் 760, ஆகஸ்டில் வாசிப்பு 690 என்றால் அப்படியே இரண்டு தேதியோடு போடலாம். அது ஏமாற்று அல்ல, படிவமே கேட்பது. ஒரு கல்லூரிக்கு அனுப்பிய பிறகு அந்தப் பகுதியை மாற்றிவிட்டு, அடுத்த கல்லூரிக்கு மதிப்பெண் இல்லாமலும் அனுப்பலாம். போன வருடம் ஒரு வீட்டில் இது தெரியாமல் எல்லா இடத்துக்கும் "இல்லை" என்றே போட்டிருந்தார்கள்.

எஸ்.ஏ.டி.யை நடத்தும் காலேஜ் போர்டு, மதிப்பெண் ரிப்போர்ட்டை நான்கு கல்லூரிகளுக்கு இலவசமாக அனுப்பும். அதற்கு அவசரப்படாதீர்கள். தேர்வு முடிந்த ஒன்பது நாளுக்குள் கல்லூரிப் பெயரைச் சொல்ல வேண்டும், அதாவது மதிப்பெண் தெரிவதற்கு முன்பே. விண்ணப்பிக்கும்போது சொந்தமாக நிரப்பிய மதிப்பெண்ணையே ஏற்கும் கல்லூரிகள் நிறைய. சேரும்போது அசல் ரிப்போர்ட் அனுப்பினால் போதும். இரண்டும் பொருந்தாவிட்டால் கிடைத்த இடமே போகலாம். "பத்து மார்க் கூட்டிப் போட்டா என்ன?" என்று ஒரு தந்தை என்னிடம் கேட்டதால் இதையும் எழுதுகிறேன்.

முதல் சுற்று விண்ணப்பங்களுக்குப் பெரும்பாலான இடங்களில் நவம்பர் 1 கடைசி நாள். அதற்கு முன் ஒரு மாலை பிள்ளையோடு உட்காருங்கள். கல்லூரிப் பட்டியலை எடுத்து ஒவ்வொன்றுக்கும் எதிரே "கட்டாயம்", "பார்க்கமாட்டார்கள்", "விருப்பம்" என்று எழுதுங்கள். "விருப்பம்" என்று உள்ளவற்றுக்கு மட்டும் பள்ளி ஆலோசகரிடம், நம் பள்ளியில் இந்த மதிப்பெண் எங்கே நிற்கிறது என்று கேட்கச் சொல்லுங்கள். பிறகு முடிவைப் பிள்ளையிடமே விடுங்கள். விண்ணப்பத்தின் அடியில் கையெழுத்துப் போடுவது அவர்கள்தானே.