குடியிருப்போர் நலச் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் உறுப்பினர்களுக்கு வணக்கம்.

இந்த ஆண்டு செயற்குழு ஏழு முறை கூடியது. அதில் மூன்று முறை கூட்டம் நடத்தத் தேவையான ஆள் எண்ணிக்கை (கோரம்) இல்லை. சுதந்திர தினத்தன்று கொடியேற்றி மிட்டாய் கொடுத்தோம். பொங்கலுக்குக் கோலப்போட்டி நடந்தது. மழைநீர் வடிகாலுக்காக நகராட்சியில் மூன்று மனு கொடுத்தோம். வடிகால் அப்படியேதான் இருக்கிறது.

அக்டோபரில் நடந்த மார்பகப் புற்றுநோய் விழிப்புணர்வு வகுப்பைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லியாக வேண்டும். வாட்ஸ்அப் குழுவில் அதைப் பற்றி நிறைய எழுதினார்கள். எழுதியவர்கள் எல்லாரும் வராதவர்கள்.

அறிவிப்புப் பலகையில் ‘மார்பகப் புற்றுநோய்: பெண்பிள்ளைகளும் வீட்டாரும் தெரிந்துகொள்ள’ என்று சாக்பீஸால் எழுதியிருந்தேன். மறுநாள் பார்த்தால் முதல் சொல்லைக் காணோம். ‘புற்றுநோய்’ மட்டும் நின்றது. குழந்தைகள் நடமாடும் இடமாம். அந்தக் குழந்தைகளுக்குத்தான் கூட்டமே. அழித்தது யார் என்று தெரியும், கேட்கவில்லை. திரும்ப எழுதினேன், இந்த முறை பெயின்டில்.

முதல் வகுப்பு அக்டோபர் 19, சனிக்கிழமை. 12 வயதுக்கு மேற்பட்ட பெண்கள் 23 பேர், அம்மாக்கள் 16 பேர், பாட்டிகள் மூன்று பேர். பாடம் எடுத்தவர் அரசு மருத்துவமனையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற டாக்டரம்மா. ஆட்டோ காசுகூட வாங்கிக்கொள்ளவில்லை.

அவர் பிள்ளைகளைப் பயமுறுத்தவில்லை. ‘உங்கள் வயதில் இந்த நோய் மிக மிக அபூர்வம்’ என்றுதான் ஆரம்பித்தார். வயதுக்கு வரும் பருவத்தில் ஒரு பக்கம் முந்தி வளரும். தொட்டால் வலிக்கிற சின்ன முடிச்சு தென்படும். அது வளர்ச்சி, நோயில்லை. கொஞ்சம் பெரிய பெண்களுக்கு விரலுக்கடியில் நழுவி ஓடும் கட்டி வந்தால் அது பெரும்பாலும் ஃபைப்ரோஅடினோமா எனும் சாதாரணக் கட்டிதான். ஆனாலும் மறைக்காமல் அம்மாவிடம் சொல்லி டாக்டரிடம் காட்டிவிட வேண்டும்.

கேள்விகளைப் பெயர் போடாமல் சீட்டில் எழுதி ஒரு எவர்சில்வர் டப்பாவில் போடச் சொன்னோம். கறுப்பு பிரா போட்டால் வருமா என்று மட்டும் ஐந்து சீட்டு. வராது, இறுக்கமாகப் போட்டாலும் வராது. ஒட்டிக்கொள்ளும் நோயும் இல்லை. ஒரு சீட்டில், ‘அம்மாவுக்கு இருக்கிறது. வீட்டில் யாரும் பேசுவதில்லை. எனக்கும் வருமா?’ என்று இருந்தது. டாக்டரம்மா யார் என்று தேடாமல், சீட்டைப் பார்த்தபடியே பதில் சொன்னார். நூற்றில் ஐந்து முதல் பத்துப் பேருக்குத்தான் இது பரம்பரை மரபணுவால் வருகிறது. அம்மா வழி மட்டுமில்லை, அப்பா வழியிலும் அந்த மரபணு வரலாம். அதனால் வீட்டில் யாருக்கு இருந்தது என்பது பெண்ணுக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரிந்தால்தான் எந்த வயதில் பரிசோதனை தொடங்குவது என்று டாக்டர் சொல்ல முடியும்.

அப்புறம், மார்பில் கட்டி இருக்கிறதா என்று கையால் தேடிப் பார்க்கப் பழக, என் வீட்டுச் சப்பாத்தி மாவு. உருண்டைக்குள் புளியங்கொட்டையை ஒளித்து வைத்து, மூன்று விரல்களின் உட்பக்கத்தால் சுற்றிச் சுற்றி அமுக்கித் தேடச் சொன்னார். முதலில் கண்டுபிடித்தது ஒரு பாட்டி. பிள்ளைகள் இதைக் கற்றுக்கொண்டு வீட்டில் அம்மாவுக்குச் சொல்லித் தர வேண்டும் என்பதுதான் நோக்கம். மாதவிலக்கு முடிந்த சில நாளில் பார்ப்பது நல்லது. கட்டி, தோலில் குழி, காம்பு உள்ளிழுத்துக்கொள்வது, காம்பிலிருந்து ரத்தக் கசிவு, அக்குளில் வீக்கம், எது தெரிந்தாலும் போய்க் காட்ட வேண்டும். ‘வலிக்கலையே’ என்று விட்டுவிடுவதுதான் நம் வழக்கம். ஆரம்பக் கட்டி பெரும்பாலும் வலிப்பதில்லை. 2022-இல் இந்தியாவில் சுமார் 1 லட்சத்து 92 ஆயிரம் பெண்களுக்கு இந்த நோய் புதிதாக வந்ததாகவும் 98 ஆயிரம் பேர் இறந்ததாகவும் உலக அளவிலான மதிப்பீடு சொல்கிறது. 30 வயது தாண்டிய பெண்களுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே காசில்லாமல் பார்க்கிறார்கள்.

இரண்டாவது வகுப்பு 26-ஆம் தேதி, குடும்பத்தோடு வரச் சொல்லி. 60 நாற்காலி வாடகைக்கு எடுத்தேன். வந்த ஆண்கள் நான்கு பேர். அதில் ஒருவர் நாற்காலிக் கணக்குப் பார்க்க வந்த பந்தல்காரர். தீபாவளிக்கு முந்தைய சனிக்கிழமையில் வைத்தது என் தப்பு என்று பொருளாளர் சொன்னார். சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, இதே கூடத்தில் தீபாவளிச் சீட்டுப் பணம் பிரித்தபோது நாற்பது பேர் இருந்தார்கள். செயற்குழுவின் ஒன்பது ஆண்களில் எட்டுப் பேரை அங்கே பார்த்தேன். பரிசோதனைக்கு எந்தக் கிழமை போகலாம், யார் லீவு போடுவது, பணம் எங்கே என்பதையெல்லாம் வீட்டில் முடிவு செய்கிறவர்கள் இவர்கள்தான். தவிர, இந்த நோய் வருகிறவர்களில் நூற்றுக்கு ஒருவர் போல ஆணும் உண்டு. அதை அந்த நான்கு பேரிடம்தான் சொல்ல முடிந்தது. பந்தல்காரர் இரண்டு கேள்வி கேட்டார்.

வகுப்புக்குப் பிறகு 14 பேர் பரிசோதனைக்குப் போனார்கள். இரண்டு பேரை மேல்பரிசோதனைக்கு அனுப்பினார்கள். ஒருவருக்கு ஒன்றுமில்லை. இன்னொருவர் முதலமைச்சர் காப்பீட்டு அட்டையில் சிகிச்சையில் இருக்கிறார். அவர் சம்மதத்தோடு ஒன்று மட்டும் சொல்கிறேன்: அவரை நச்சரித்துக் கூட்டிப்போனது எட்டாம் வகுப்புப் படிக்கும் மகள்.

கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். மொத்தத்தில் வரவும் செலவும் ஏறக்குறையச் சரியாக இருக்கின்றன. ஆண்டுச் சந்தா 300 ரூபாய். 112 வீடுகளில் கட்டியவை 61. நாற்காலி வாடகையை நான் கொடுத்தேன். திருப்பிக் கேட்கவில்லை, பதிவுக்காகச் சொல்கிறேன்.

டாக்டரம்மாவுக்கும், கூடத்தைத் திறந்துவிட்ட வாட்ச்மேனுக்கும், தலைவர் உள்ளிட்ட நிர்வாகிகள் அனைவருக்கும் நன்றி.

வரும் ஆண்டும் வகுப்பு உண்டு, தீபாவளிக்கு ரொம்ப முன்னாலேயே. மூன்று வருடமாக நானே செயலாளராக இருக்கிறேன்; யாராவது முன்வந்தால் சாவியையும் மினிட் புத்தகத்தையும் இன்றே கொடுத்துவிடத் தயார். இல்லையென்றால், அப்பாக்கள் வகுப்புக்குப் பெயர் எழுத ஒரு நோட்டு வாசல் மேஜையில் இருக்கிறது. பக்கத்திலேயே சந்தா ரசீதுப் புத்தகமும் வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்